27.5-க்கு நடுவே ஒரு 7.5

அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஒரு வெப்பநிலை சென்சாரை மாட்டி, அளவைச் சீரியலில், அதாவது ஒரே ஒயரில் பிட் பிட்டாக, கணினிக்கு அனுப்பி, பைத்தானில் கோப்பாக எழுதி வைப்பது இந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் செய்து பார்ப்பதுதான். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் கோப்பைத் திறந்தால் 27.4, 27.5, 27.5, 7.5, 27.5 என்று போகிறது. அந்த 7.5 எங்கிருந்து வந்தது? முதலில் சென்சார் மீது சந்தேகம் விழும், அடுத்து ஒயர் மீது, அதற்கடுத்து பவர் சப்ளை மீது. கடைசியில் "20-க்குக் கீழே வந்தால் விட்டுவிடு" என்று ஒரு இஃப் எழுதி முடித்துவிடுவார்கள். கோப்பு சுத்தமாகிவிடும். உறுத்துவது அந்த இஃப்தான். 27.5 தன் முதல் எழுத்தை இழந்து 7.5 ஆனால் அது பிடித்துவிடும். சூடேற்றும் பெட்டி ஒன்றில் 127.5 தன் முதல் எழுத்தை இழந்து 27.5 ஆனால்? எந்த இஃப்பிலும் சிக்காத, பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கிற எண் அது. அதை நம்பி ஹீட்டரைப் போடச் சொல்லும் நிரல் ஹீட்டரைப் போடும்.

சீரியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது திரையில் கொட்டும் கிறுக்கல் எழுத்துகள். அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிறுக்கல் கண்ணுக்குத் தெரிகிறது, நிரலும் அதை எண்ணாக மாற்ற முடியாமல் நின்றுவிடுகிறது, காரணத்தையும் சீக்கிரம் பிடித்துவிடலாம். 7.5 அப்படியில்லை. ஆனாலும் கிறுக்கலில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அடித்தளம் சரியாக இருக்கிறது என்று கையில் அளந்து பார்க்காதவரை மேலே எதைத் தேடினாலும் ஒயர் மீதான சந்தேகம் கூடவே வரும்.

கிறுக்கலை அளப்பது

ஒயரில் ஒன்றும் போகாதபோது அனுப்பும் முனையான டிஎக்ஸ் பின் மேல்நிலையில் நிற்கும். ஊனோவில் 5 வோல்ட், இஎஸ்பி32 பலகையில் 3.3 வோல்ட். மல்டிமீட்டரை வைத்து அங்கே 0 காட்டினால் நீங்கள் தொட்டது டிஎக்ஸ் இல்லை, அல்லது சீரியல் இன்னும் தொடங்கப்படவில்லை. பைட் ஒன்று கிளம்பும்போது ஒரு ஸ்டார்ட் பிட் கீழே இறங்கும், பிறகு 8 டேட்டா பிட்டுகள் மதிப்பில் சிறியது முன்னதாகப் போகும், முடிவில் ஸ்டாப் பிட் மேலே ஏறும். ஆக, ஒரு பைட்டுக்கு 10 பிட். பாட் விகிதம், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பது, 9600 என்றால் ஒரு பிட் 104 மைக்ரோவினாடி, நொடிக்கு 960 பைட். 115200-இல் ஒரு பிட் 8.68 மைக்ரோவினாடி, நொடிக்கு 11520 பைட். க்ளாக் ஒயர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்டார்ட் பிட் விழுந்த கணத்திலிருந்து இரண்டு பக்கமும் தத்தம் கடிகாரத்தை நம்பி எண்ணுகின்றன. ஸ்டாப் பிட்டின் நடுவுக்கு வரும்போது 9.5 பிட் நேரம் ஓடியிருக்கும். அதற்குள் அரை பிட் நகர்ந்துவிட்டால் கதை முடிந்தது. கணக்குப்படி சுமார் 5 சதவீதம் வரை தாங்கும், அதையும் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி-யின் டேட்டாஷீட் 8 டேட்டா பிட்டுக்குப் பரிந்துரைக்கும் எல்லை சாதாரண வேகத்தில் 2 சதவீதம், இரட்டை வேக முறையில் 1.5 சதவீதம்.

இதைச் சோதிக்க ஆசிலோஸ்கோப் வேண்டியதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ', அதாவது 85 என்ற பைட்டை, லூப்பில் இடைவெளி இல்லாமல் அனுப்புங்கள். ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் சேர்த்தால் அது 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும் சதுர அலை. அதன் அதிர்வெண் பாட் விகிதத்தில் சரிபாதி. 9600-க்கு 4800 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். 4800 என்றோ அதற்கு மிக அருகிலோ காட்டினால் கடிகாரத்தைச் சந்தேகப்படும் வேலை முடிந்தது. 4500 காட்டினால் 6 சதவீதத்துக்கு மேல் மெதுவாக ஓடுகிறது. கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் இல்லாமல், சிப்புக்கு உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆஸிலேட்டரில் ஓட்டினால் இப்படி நடக்கலாம், ஏனென்றால் அதற்குத் தொழிற்சாலையில் தரும் துல்லியம் 10 சதவீதம் வரை தளர்வானது.

நம் ஊர் கல்லூரி ஆய்வகங்களில் 8051 மைக்ரோகன்ட்ரோலர் கிட்டைத் தொட்டவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான கிரிஸ்டல் நினைவிருக்கும். அந்த எண்ணை 12-ஆலும், பிறகு 32-ஆலும் வகுத்தால் 28800. அதை 3-ஆல் வகுத்தால் துல்லியமாக 9600. அதனால்தான் டைமரில் 253 ஏற்றச் சொல்வார்கள். அதே இடத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் கிடைப்பது 10417, எட்டரை சதவீதப் பிழை. பார்க்க முழு எண்ணாக இருக்கிற கிரிஸ்டல் சீரியலுக்கு ஆகாது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸிலும் இதே தொல்லை உண்டு. 115200 கேட்டால் உண்மையில் வருவது 117647, அதாவது 2.1 சதவீதம் அதிகம். ஊனோவில் அது தெரியாமல் போவதற்குக் காரணம், பலகையிலேயே யூஎஸ்பி வேலையைப் பார்க்க இருக்கிற ஏடிமெகா16யூ2-வும் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடி அதே 117647-ஐத்தான் உண்டாக்குகிறது. இருவரும் ஒரே அளவு தவறுவதால் ஒத்துப்போகிறார்கள். தனியாக ஒரு யூஎஸ்பி மாற்றியை ஏடிமெகாவோடு இணைத்தால் அந்த ஒத்துழைப்பு இருக்காது. அங்கே 38400-ஐயோ, பிழையே இல்லாமல் வகுபடும் 250000-ஐயோ எடுத்துக்கொள்வது நல்லது.

மற்றவை சுருக்கமாக. கிரவுண்ட் ஒயரை இணைக்காமல் டிஎக்ஸ், வாங்கும் முனையான ஆர்எக்ஸ் இரண்டை மட்டும் இணைத்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32, ஆர்பி2040 சிப்களின் ஆர்எக்ஸ் பின்னுக்கு 5 வோல்ட் நேராகப் போகக் கூடாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும் 2 கிலோ ஓமைக் கிரவுண்டுக்கும் வைத்தால் 3.3 ஆகிவிடும். இஎஸ்பி8266 ரீசெட் ஆகும்போது ஒரு கணம் கிறுக்கினால் அது பழுதில்லை. பெரும்பாலான பலகைகளில் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதால் அதன் பூட் செய்தி 74880 வேகத்தில் வருகிறது. டிபி9 இணைப்பான் உள்ள பழைய ஆர்எஸ்232 போர்ட்டை மைக்ரோகன்ட்ரோலரோடு நேரடியாக இணைக்கவே கூடாது. அங்கே மின்னழுத்தம் எதிர்மறைக்கும் போகும், நிலைகளும் தலைகீழ். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் மேக்ஸ்232 சிப் வேண்டும்.

போர்ட்டைத் திறக்கும் கணம்

ஒயர் சரி, வேகம் சரி. இனிப் போர்ட்டைத் திறக்கிறோம். திறந்த அந்தக் கணத்திலேயே ஊனோ ரீசெட் ஆகிறது. போர்ட் திறக்கும்போது நிலை மாறும் டிடிஆர் இணைப்பிலிருந்து ரீசெட் பின்னுக்கு 100 நானோஃபாரட் கபாசிட்டர் ஒன்று ஓடுகிறது, ஸ்கெட்ச், அதாவது அர்டுயினோ நிரல், ஏற்ற வசதிக்காக. அடுத்த ஒரு நொடிக்குக் கணினி அனுப்புவதெல்லாம் புதிய ஸ்கெட்சை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் காதில்தான் விழும், உங்கள் ஸ்கெட்சுக்குப் போகாது. "திறந்ததும் 2 நொடி காத்திரு" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பது இதற்காகத்தான். அதைவிட உறுதியான வழி, ஸ்கெட்ச் தன் செட்டப் முடிந்ததும் "தயார்" என்று பொருள்படும் ஒரு வரியை அனுப்ப வேண்டும், அது வரும்வரை கணினி வாய் திறக்கக் கூடாது. ரீசெட்டே வேண்டாம் என்றால் ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைக்கலாம். புதிய ஸ்கெட்ச் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும்.

லினக்ஸில் இன்னொன்று. பைத்தானின் பைசீரியல் போன்ற நூலகம் இல்லாமல், சாதாரணக் கோப்பைத் திறப்பதுபோல் போர்ட்டைத் திறந்து படிப்பவர்கள் உண்டு. எழுத்துகளாக அனுப்பினால் பிரச்சினை தெரியாது. எண்ணைப் பைட்டாகவே அனுப்பினால் அங்கே அடி விழும். லினக்ஸின் மையமான கெர்னல் அந்தப் போர்ட்டின் மறுமுனையில் ஒரு மனிதர் விசைப்பலகையோடு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே 13 வந்தால் எண்டர் விசை என்று நினைத்து 10 ஆக மாற்றிக் கொடுக்கும். 17-உம் 19-உம் முறையே அனுப்புவதைத் தொடர், நிறுத்து என்ற கட்டளைகளாக எடுத்துக்கொள்ளப்பட்டு நிரலுக்கு வந்து சேராது. வந்ததை எல்லாம் திரும்பப் பலகைக்கே எதிரொலிக்கவும் செய்யும். வெப்பநிலை 13 டிகிரி ஆனால் கோப்பில் 10 என்று விழும். மறுபடியும் கண்ணுக்கு உறுத்தாத எண். போர்ட்டின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில், எதையும் மாற்றாமல் தரும் 'ரா' முறைக்கு மாற்றி எதிரொலியையும் அணைத்தால் சரியாகும். பைசீரியல் இதைத் தானே செய்துவிடுகிறது.

வரி எங்கே தொடங்குகிறது

இனி அந்த 7.5. "27.5" என்று ஒரு வரி அனுப்பினால் ஒயரில் போவது 6 பைட்: 2, 7, புள்ளி, 5, பிறகு வரி முடிவுக்கு 13, 10. கணினியில் இருக்கும் நிரல் புதிய அளவு வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் உள்ளே தேங்கியிருப்பதைக் கொட்டிவிட்டு, அதாவது இன்புட் பஃபரை ரீசெட் செய்துவிட்டு, ஒரு வரி படிக்கிறது. மிகப் பரவலான பழக்கம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பழையதை எறிந்துவிட்டுப் புதியதை எடு. ஆனால் கொட்டுகிறவருக்கு வரி எது, வரியின் நடு எது என்று தெரியாது. 6 பைட்டுக்குள் வெட்டு விழக்கூடிய இடங்கள் 5. முதல் பைட்டுக்குப் பின் விழுந்தால் மிச்சம் 7.5. இரண்டாவதற்குப் பின் விழுந்தால் .5, பைத்தான் அதை 0.5 என்று மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். மூன்றாவதற்குப் பின் விழுந்தால் 5. மற்ற இரண்டு இடங்களில் மட்டும் வெற்று வரி கிடைத்து நிரல் பிழை காட்டும். ஐந்தில் மூன்று வெட்டு செல்லுபடியாகும் எண்ணைத் தருகிறது. 9600-இல் இந்த வரி ஒயரில் ஓட 6.25 மில்லிவினாடி. 100 மில்லிவினாடிக்கு ஒரு வரி அனுப்பினால், ஒயரை மட்டும் கணக்கில் எடுத்தால், நூற்றில் ஆறு முறை கொட்டுதல் வரிக்கு நடுவே விழும். இரவு முழுக்க ஓடும் நிரலில் இது கொஞ்சநஞ்சம் இல்லை.

தவறான எண் நுழையும் இரண்டாவது வழி டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேர எல்லை. பைசீரியலின் ரீட்லைன், குறித்த நேரத்துக்குள் வரி முடியவில்லை என்றால் பிழை எதையும் எழுப்பாது, அதுவரை வந்ததைக் கையில் கொடுத்துவிடும். இரண்டு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் முதல் அளவை அச்சிடுகிறது, காற்புள்ளி வைக்கிறது, பிறகு இரண்டாவது சென்சாரைப் படிக்கப் போகிறது. 12 பிட் துல்லியத்தில் அந்தச் சென்சார் ஒரு அளவெடுக்க 750 மில்லிவினாடி வரை ஆகும். கணினியில் டைம்அவுட் அரை நொடி. "27.5," என்பது ஒரு வரியாகவும் "28.1" என்பது அடுத்த வரியாகவும் வந்து சேர்கின்றன. ஸ்கெட்ச் எழுதியவரும் தவறு செய்யவில்லை, பைத்தான் எழுதியவரும் தவறு செய்யவில்லை, இருவரையும் சேர்த்து வைத்தால் தவறு. அளவுகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்துக்கொண்டு வரியை ஒரே மூச்சில் அனுப்பினால் இது போகும். கணினிப் பக்கமும் கிடைத்த வரி 10 என்ற பைட்டில் முடிகிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

எனக்கு இந்தப் பிரச்சினை தெளிந்த இடம் இதுதான்: சீரியலில் வரி என்று எதுவும் கிடையாது. செய்தி என்றும் எதுவும் கிடையாது. ஒயருக்குத் தெரிந்தது பைட் ஒன்றுதான். அதற்கு மேலே எல்லை வேண்டும் என்றால் நாம்தான் போட வேண்டும். ரீட் என்று கேட்டால் அந்த நேரத்தில் எத்தனை வந்திருக்கிறதோ அத்தனை கிடைக்கும். ஒரே செய்தி மூன்று துண்டாக வரலாம், மூன்று செய்தி ஒரே கொத்தாக வரலாம். யூஎஸ்பி நடுவில் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. யூஎஸ்பியையும் சீரியலையும் இணைக்கும் எஃப்டி232ஆர் சிப், கைக்கு வந்த பைட்டுகளை உடனே தருவதில்லை. 64 பைட் பொட்டலமாக, அதில் 2 தன் நிலைத் தகவல் போக 62 சேர்ந்ததும், அல்லது 16 மில்லிவினாடி கடந்ததும் அனுப்பும். அந்த 16-ஐ 1 ஆகக் குறைக்க வழி இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள், லினக்ஸில் அந்தப் போர்ட்டின் லேட்டன்சி டைமர் கோப்பில். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிரல் நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் போகவே மாட்டேன் என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

நேரத்தை வைத்து எல்லை போடலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில். தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் ஆர்டியூ முறை அப்படித்தான் வகுத்திருக்கிறது. மூன்றரை எழுத்து நேரம் அமைதி இருந்தால் ஒரு செய்தி முடிந்தது. 9600-இல் அது 4 மில்லிவினாடி. மைக்ரோகன்ட்ரோலரில் டைமர் வைத்துத் துல்லியமாகப் பிடிக்கலாம். கணினியில் 16 மில்லிவினாடிக் கொத்துகளுக்கு நடுவே அந்த 4 மில்லிவினாடி அமைதி கரைந்துவிடுகிறது. அங்கே செய்தியின் வகையைப் பார்த்து நீளத்தைக் கணக்கிட்டு, பிழையின்றி வந்ததா என்று காட்டும் சிஆர்சி எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

எல்லையும் சாட்சியும்

எழுத்தாகவே அனுப்ப விரும்பினால் ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் என்எம்இஏ வரியின் அமைப்பு எடுத்துக்கொள்ள நல்லது. டாலர் குறியில் தொடக்கம், நட்சத்திரக் குறிக்குப் பின் சரிபார்ப்பு எண்ணான செக்சம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பைட்டுகள் அத்தனையையும் எக்ஸ்ஆர் செய்தால், அதாவது பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு வேறுபட்டால் 1, ஒத்தால் 0 என்று போட்டுக்கொண்டே போனால், அது கிடைக்கும். என்எம்இஏ அதைப் பதினாறடிமானத்தில் எழுதும். நம் சொந்த வேலைக்குத் தசமத்திலேயே எழுதலாம். 27.5-இன் நான்கு எழுத்துகளுக்கும் எக்ஸ்ஆர் 30. ஆகவே ஒயரில் போவது $27.5*30. முதல் எழுத்துகள் தொலைந்து 7.5*30 என்று வந்தால் டாலர் இல்லை, அங்கேயே தள்ளலாம். எப்படியோ டாலர் இருந்து 2 மட்டும் தொலைந்தாலும் 7.5-இன் எக்ஸ்ஆர் 44, பொருந்தாது. ஆறேழு வரி நிரலில் அந்த 7.5 கோப்புக்குள் நுழையும் வழி அடைபடுகிறது. இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ஆருக்கு வரிசை தெரியாது, 72.5-க்கும் 30 தான். இரண்டு பைட்டுகளில் ஒரே இடத்துப் பிட் புரண்டால் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு மேசைக்குள் ஓடும் ஒரு மீட்டர் ஒயருக்கு இது போதும் என்பது என் முடிவு. மோட்டார் பக்கத்தில் ஓடும் நீண்ட ஒயருக்குப் போதாது.

அங்கே 16 பிட் சிஆர்சி வேண்டும். சிசிஐடிடி எனப்படும் வகையே ஒன்றுக்கு மேல் இருக்கிறது, இரு பக்கமும் வேறுவேறு வகையை எடுத்துக்கொண்டு "சிஆர்சி பொருந்தவில்லை" என்று நாள்கணக்கில் தேடுவது வழக்கமான துன்பம். வழி எளிது. 1 முதல் 9 வரையிலான எழுத்துகளை, 123456789 என்று, இரண்டு பக்க நிரலுக்கும் கொடுங்கள். தொடக்க மதிப்பு 65535 என்றால் விடை 10673. தொடக்க மதிப்பு 0 என்றால் 12739. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்லும்வரை ஒயரை இணைக்க வேண்டாம்.

பைட்டுகளாகவே அனுப்பும்போது எல்லைக் குறி எது என்பது அடுத்த சிக்கல். எந்தப் பைட்டைத் தேர்ந்தாலும் அது டேட்டாவுக்குள்ளும் வரும். இதற்கு எனக்கு மிகப் பிடித்த விடை கோப்ஸ் என்ற முறை, ஸ்டூவர்ட் செஷயரும் மேரி பேக்கரும் 1997-இல் வெளியிட்டது. டேட்டாவில் இருக்கும் 0 அத்தனையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "அடுத்த 0 எத்தனை பைட் தள்ளி இருந்தது" என்ற எண்ணை வைக்கிறது. பிறகு 0 என்பது ஒயரில் எல்லைக்கு மட்டுமே வரும். 11, 22, 0, 33 என்ற நான்கு பைட் 3, 11, 22, 2, 33, 0 என்று போகும். முதல் 3 என்பது மூன்று பைட் தள்ளி ஒரு 0 இருந்தது என்கிறது, அந்த இடத்தில் நிற்கும் 2, இரண்டு பைட் தள்ளி முடிவு என்கிறது. கூடுதல் சுமை 254 பைட்டுக்கு ஒரு பைட்டும், முடிவு 0-வும். எங்கே நடுவில் நுழைந்தாலும் அடுத்த 0 வரை காத்திருந்தால் போதும், அதற்கப்புறம் வருவது முழுச் செய்தி. போர்ட்டை எந்த நொடியில் திறந்தாலும் ஒன்றுதான்.

ஸ்ட்ரக்ட்டை, அதாவது பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பை, அப்படியே நினைவகத்திலிருந்து எடுத்து அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பைட்டும் 32 பிட் எண் ஒன்றும் சேர்ந்த ஸ்ட்ரக்ட், ஊனோவின் சிப் வகையான ஏவிஆரில் 5 பைட். கணினியில் இடையே 3 பைட் வெற்றிடம் விட்டு 8 பைட். ஊனோவில் இன்ட் 2 பைட், கணினியில் 4. ஊனோவில் டபுள் என்பதே 4 பைட்தான். அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் வகைகளை மட்டும் பயன்படுத்துங்கள். பைத்தானின் ஸ்ட்ரக்ட் வடிவத்தில் முதலில் < குறியைப் போட்டால் வெற்றிடமும் போகும், பைட் வரிசையும் ஏவிஆரோடு பொருந்தும்.

பலகைப் பக்கம் ஒரு கடைசித் துவாரம் இருக்கிறது. ஊனோவின் வாங்கும் பஃபர் 64 பைட், அதில் 63 தான் நிரப்ப முடியும். 115200-இல் அது நிரம்ப ஐந்தரை மில்லிவினாடி போதும். லூப்பில் 100 மில்லிவினாடி டிலே இருந்தால் 9600-இலேயே 96 பைட் வந்துவிடும், மிஞ்சியது சத்தமில்லாமல் தொலையும். வேகத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது, இன்னும் சீக்கிரம் வழியும். டிலேயை எடுத்துவிட்டு ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கணக்கில் எழுத வேண்டும், லூப் ஒவ்வொரு சுற்றிலும் வந்த பைட்டுகளை எடுத்துத் தன் பஃபரில் சேர்க்க வேண்டும். கணினிப் பக்கமும் அதே முறைதான். கிடைப்பதை எல்லாம் ஒரு பஃபரில் சேர்த்து, எல்லைக் குறி தெரிந்த இடத்தில் வெட்டி, முடியாத வாலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது. புதிய அளவு மட்டும் வேண்டுமென்றால் முழுதாக வந்தவற்றில் கடைசியை எடுத்தால் போயிற்று, எதையும் கொட்ட வேண்டாம்.

ஒவ்வொரு செய்தியிலும் 0 முதல் 255 வரை சுற்றும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள், ஒரு பைட் செலவு. பிறகு சோதனை: நிரலை ஐம்பது முறை நிறுத்தி நிறுத்தித் தொடங்குங்கள், ஓடும்போதே யூஎஸ்பி கேபிளைப் பத்து முறை பிடுங்கிச் செருகுங்கள், லூப்பில் வேண்டுமென்றே ஒரு டிலேயைப் போட்டு எடுங்கள். வரிசை எண்ணில் தாவல்கள் இருக்கும், சிஆர்சி தள்ளியவற்றின் எண்ணிக்கையும் ஏறியிருக்கும். கோப்பில் 27.5-களுக்கு நடுவே 7.5, 0.5, 5 என்று எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் இஃப்பைத் தேடாமல், எல்லை எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.